காற்றின் நடுக்கமும் தொலைநோக்கியின் திருத்தமும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கோடைக்கால நண்பகலில் பயணம் செய்வோர், தார்ச்சாலையின் மேல் எதிரே வரும் வண்டிகளின் உருவம் நெளிந்து நடுங்குவதைக் கண்டிருப்பர். நில அளவைப் பணியாளர்க்கு இது புதிதன்று. வெயிலேறிய பின்னர்த் தியோடலைட்டின் வழியே அளவுகோலை நோக்கினால் அதன் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து ஆடுகின்றன. ஆதலின் நுட்பமான அளவுகளை அவர்கள் காலைப்பொழுதிலேயே எடுத்து முடிக்க முயல்வர். இரவில் விண்மீன்கள் மின்னுவதற்கும் காரணம் இதுவே. இரண்டும் காற்றின் நடுக்கத்தால் விளைபவை.

ஒரு விண்மீனின் ஒளி முப்பது நாற்பது ஆண்டுகள் வெட்டவெளியில் பயணம் செய்து, தன் ஒழுங்கு சிறிதும் குலையாமல் பூமியை அடைகிறது. இறுதி 20 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரங்கூட வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சிறு பொழுதில்தான் அதன் ஒழுங்கு கெட்டுவிடுகிறது. கெட்ட ஒளியைத் தொலைநோக்கிக்குள்ளேயே திருத்தி, பழைய நிலைக்கு மீட்கும் முறைக்குத் தகவமைப்பு ஒளியியல் என்று பெயர். பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களை, அதாவது புறக்கோள்களை, ஆராய்வதற்கு இம்முறை இன்றியமையாததாகிவிட்டது. இதற்கு வேண்டிய அறிவின் ஒரு பகுதி திருப்பதி, சித்தூர் வட்டாரத்து வானிலேயே பல்லாண்டுகளாகத் திரட்டப்பட்டு வருகிறது என்பது ஆசிரியர்களும் களப்பணியாளரும் அறியத்தக்க செய்தியாகும்.

விண்மீன் மின்னுவதேன்?

காற்றின் ஒளிவிலகல் எண் அதன் அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தியோ வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் நிலமட்டக் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது. இது மிகச் சிறிய மாறுதல் எனத் தோன்றலாம். ஆயினும் 1 மீட்டர் தடிப்புள்ள காற்றில் ஒரு பகுதி மற்றொன்றைவிட 1 பாகை வெப்பமாயிருந்தால், இரண்டின் வழியே வரும் ஒளியின் பாதையில் 1 மைக்ரான் வேறுபாடு உண்டாகும். இது பச்சை ஒளியின் அலைநீளத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒளி அலைகள் ஒரே குவியத்தில் ஒத்திணைந்து கூர்மையான உருவத்தை ஏற்படுத்த வேண்டுமாயின், அவற்றின் பாதை வேறுபாடு அலைநீளத்தின் ஒரு சிறு பின்னத்துக்குள் இருத்தல் வேண்டும். ஆகவே, உடலால் உணரவியலாத வெப்ப வேறுபாடும் தொலைநோக்கியின் உருவத்தைக் கெடுத்துவிடுகிறது.

விண்மீனொளி மிகத் தொலைவிலிருந்து வருவதால் அதன் அலைமுகப்பு, பூமியை அடையும்போது இழுத்துக் கட்டிய துணியைப் போல் சமதளமாக இருக்கும். கொந்தளிக்கும் காற்றைக் கடந்தபின் அதே அலைமுகப்பு கசங்கிய துணியைப் போல் மேடு பள்ளமாகிவிடும். இக்கசங்கலில் எவ்வளவு அகலமுள்ள பகுதியை ஏறக்குறையச் சமதளமெனக் கொள்ளலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. டேவிட் ஃபிரீடு என்னும் அறிஞர் 1966-ஆம் ஆண்டில் இதனை வரையறுத்தமையால் இது ஃபிரீடு அளவு எனப்படுகிறது. கட்புல ஒளியில் இது பொதுவாக 10 சென்டிமீட்டர் அளவினது. காற்று மிக அமைதியான மலையுச்சிகளில் 20 சென்டிமீட்டரையும் எட்டும்.

இதன் விளைவு வியப்புக்குரியது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கி, விளிம்பு விளைவின் காரணமாக 1.4 விகலை இடைவெளியுள்ள இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்ட வல்லது. ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு. விட்டம் 1.3 மீட்டராயின் இவ்வெல்லை 0.1 விகலையாகச் சுருங்க வேண்டும். ஆனால் காற்றின் நடுக்கத்தால் பெரிய தொலைநோக்கியிலும் விண்மீனின் உருவம் ஒன்று, இரண்டு விகலை அகலமுள்ள பொட்டாகவே நீண்டநேரப் படத்தில் பதிகிறது. பெரிய ஆடி அதிக ஒளியைத் திரட்டித் தருகிறது, கூர்மையைத் தருவதில்லை. மலையுச்சியின் அமைதியான காற்றே இதற்கு மாற்று என்று நியூட்டன் 1704-ஆம் ஆண்டில் வெளியான தமது ஒளியியல் நூலில் குறிப்பிட்டார்.

கோளைக் காண்பதில் உள்ள இடர்ப்பாடு

சூரியனையொத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோள் 1995-ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்டது. அதனைக் கண்டறிந்த மிஷேல் மேயர், டிடியே கெலோ ஆகிய இருவர்க்கும் 2019-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐக் கடந்துவிட்டது. ஆயினும் இவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை நேரே காணப்பட்டவையல்ல. கோள் தன் விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லுகையில் அதன் ஒளி சற்று மங்குவதைக் கொண்டோ, கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை நிறமாலையில் கண்டோ உய்த்துணரப்பட்டவையாகும்.

நேரே காண்பது ஏன் அரிது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 33 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து ஒருவர் சூரிய மண்டலத்தை நோக்குவதாகக் கொள்வோர்க்கு, வியாழன் சூரியனிலிருந்து அரை விகலை விலகி நிற்கும், பூமி 0.1 விகலையே விலகி நிற்கும். அவர்தம் காற்று மண்டலமும் நமதைப் போன்றதாயின், சூரியனின் உருவம் இரண்டு விகலைப் பொட்டாகப் பரவி இரு கோள்களையும் மூடிவிடும். அதனோடு, கட்புல ஒளியில் வியாழனின் ஒளி சூரியனின் ஒளியில் ஏறத்தாழ 100 கோடியில் ஒரு பங்கேயாகும். கலங்கரை விளக்கத்தினருகே பறக்கும் மின்மினியைக் கடலின் நடுவிலிருந்து காண முயல்வதை இது ஒக்கும். விளக்கின் ஒளி சிதறாமல் ஓரிடத்தில் ஒடுங்கினாலன்றி மின்மினி புலப்படாது.

காதங்கியில் காற்றை அளத்தல்

திருத்த வேண்டிய பிழையை முதலில் அளந்தறிதல் வேண்டும். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்துள்ளது. 1990-களின் தொடக்கத்தில் தேசிய ரேடார் நிலையமாகத் தோன்றி, 2005-ஆம் ஆண்டு முதல் இப்பெயரைத் தாங்கி வருகிறது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் நடப்பட்ட 1,024 யாகி ஆன்டெனாக்கள், ஏறத்தாழ 130 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தில் பரந்து நிற்கின்றன. சுழலும் தட்டு எதுவும் இங்கில்லை. ஆன்டெனாக்களுக்குச் செல்லும் அலைகளின் கட்டத்தை மாற்றுவதன் வாயிலாகவே ரேடார்க் கற்றை வேண்டிய திசையில் சாய்க்கப்படுகிறது.

இந்த ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். விமானத்தையோ மழைத்துளியையோ தேடுவது இதன் பணியன்று. தெளிந்த காற்றிலுள்ள கொந்தளிப்பையே இது காண்கிறது. அலைநீளத்தில் பாதியளவான, அதாவது 2.8 மீட்டர் அளவுள்ள விலகல் எண் ஏற்றத்தாழ்வுகள் ரேடியோ அலையின் மிகச் சிறு பகுதியைத் திருப்பியனுப்புகின்றன. திரும்பிவரும் அலையின் வலிமையால் கொந்தளிப்பின் அளவும், அதன் அதிர்வெண் மாற்றத்தால் காற்றின் வேகமும், திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தால் உயரமும் பெறப்படுகின்றன. 20 கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் நிலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிய இது துணைபுரிகிறது.

இங்கு ஒரு நுணுக்கத்தை மறத்தலாகாது. ரேடியோ அலைக்கான விலகல் எண், காற்றிலுள்ள ஈரப்பதத்தால் பெரிதும் மாறுவது. ஒளிக்கான விலகல் எண்ணோ பெரும்பாலும் வெப்பநிலையால் மாறுவது. ஆதலின் ரேடார் காட்டும் கொந்தளிப்பை அப்படியே விண்மீனொளிக்குப் பொருத்திவிட இயலாது. வெவ்வேறு உயரங்களில் வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை அறிந்தாலன்றி ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியில்லை. இதற்கெனக் காதங்கியில் மாலை வேளைகளில் கருவி தாங்கிய பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. பலூனை நிரப்பி, கருவியைச் சோதித்து, காற்றின் போக்கறிந்து விடுவிக்கும் களப்பணியாளரின் அன்றாட உழைப்பே ரேடாரின் எண்களுக்குப் பொருள் தருகிறது.

இவ்வளவைகளால் அறியப்பட்ட முக்கியமான உண்மைகளுள் ஒன்று மேற்காற்றின் வேகமாகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 16 கிலோமீட்டர் அளவான உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு தாரைக்காற்று வீசுகிறது. அதன் வேகம் வினாடிக்கு 30 மீட்டரைக் கடந்து செல்வதுண்டு. தரையில் மரத்தின் இலையும் அசையாத இரவில், தலைக்கு மேலே இத்தகைய காற்று ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அது தொலைநோக்கிக்கு எவ்வாறு இடையூறாகிறது என்பது பின்னர் விளங்கும்.

அளத்தல், கணித்தல், வளைத்தல்

காற்றின் பிழையை ஆடியைக் கொண்டே ஈடுசெய்யலாம் என்னும் கருத்தை ஹொரேஸ் பாப்காக் என்னும் அமெரிக்க வானியலார் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அலைமுகப்பு எங்கே மேடாக உள்ளதோ அங்கே ஆடியைப் பள்ளமாக்கியும், பள்ளமாக உள்ள இடத்தில் மேடாக்கியும் ஒளியை எதிரொளிக்கச் செய்தால், கசங்கிய அலைமுகப்பு மீண்டும் சமதளமாகும் என்பதே அதன் சாரம். அக்காலத்தில் இதனை நடத்திக்காட்டத் தக்க வேகமான கணிப்பொறியும் காமிராவும் இல்லை. 1989-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் 1.52 மீட்டர் தொலைநோக்கியொன்றில் ஐரோப்பிய அறிஞர்கள் வானியற் பணிக்கு இதனைச் செயற்படுத்திக் காட்டினர்.

இம்முறையில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, அலைமுகப்பின் மேடுபள்ளத்தை அறியும் உணர்கருவி. இரண்டாவது, அவ்வளவைக் கொண்டு ஆடியின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அசைய வேண்டுமெனக் கணிக்கும் கணிப்பொறி. மூன்றாவது, பின்புறம் நுண் உந்திகள் பொருத்திய, வளையத்தக்க மெல்லிய ஆடி. இம்மூன்றும் ஒரு சுற்றாக இடைவிடாது இயங்குதல் வேண்டும்.

எத்தனை உந்திகள் வேண்டும், எவ்வளவு விரைவு வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காற்றிலேயே உள்ளது. தொலைநோக்கியின் விட்டத்தை ஃபிரீடு அளவால் வகுத்து, ஈவை வர்க்கித்தால் உந்திகளின் எண்ணிக்கை ஏறத்தாழக் கிட்டும். 1.3 மீட்டர் விட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் ஃபிரீடு அளவுக்கும் ஈவு 13. அதன் வர்க்கம் 169. விட்டம் 8 மீட்டராயின் ஈவு 80, வர்க்கம் 6,400. அகச்சிவப்பு ஒளியில் இத்தேவை பெரிதும் குறையும். அலைநீளம் 0.5 மைக்ரானிலிருந்து 2.2 மைக்ரானாக உயர்ந்தால் ஃபிரீடு அளவு ஏறத்தாழ ஆறு மடங்காவதே இதற்குக் காரணம். தகவமைப்பு ஒளியியல் முதலில் அகச்சிவப்பில் வெற்றி கண்டமைக்கு இதுவே அடிப்படை.

விரைவைக் கணிக்கக் காற்றின் வேகம் வேண்டும். ஃபிரீடு அளவைக் காற்றின் வேகத்தால் வகுத்து, 0.31-ஆல் பெருக்கினால், அலைமுகப்பு ஏறக்குறைய மாறாதிருக்கும் நேரம் கிடைக்கும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது ஆயிரத்தில் 3 பங்கு வினாடி. 30 மீட்டர் வேகத்தில் ஆயிரத்தில் 1 பங்கு வினாடி. இதற்குள் அளந்து, கணித்து, ஆடியை வளைத்து முடிக்காவிடில், கடந்துபோன காற்றுக்கான திருத்தம் இப்போதுள்ள காற்றுக்குச் செய்யப்பட்டதாகிவிடும்.

காவலூரில் எடுத்துவைத்த முதற்படி

சித்தூருக்குத் தெற்கே, நேர்கோட்டில் 80 கிலோமீட்டர் அளவான தொலைவில், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர் உள்ளது. அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கு உள்ளன. 2014-ஆம் ஆண்டில் 1.3 மீட்டர் தொலைநோக்கியொன்று பணிக்கு வந்தது. யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட 1977-ஆம் ஆண்டு நோக்கீட்டில் காவலூரிலிருந்து பங்குகொண்ட ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயர் அதற்கு இடப்பட்டது.

இந்த 1.3 மீட்டர் தொலைநோக்கி புறக்கோள் ஆராய்ச்சிக்கும் பயன்பட்டிருக்கிறது. இதனையும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியையும் கொண்டு, தம் விண்மீன்களை மிக நெருங்கிச் சுற்றும் ஐந்து கோள்களின் கடப்புகள் அளக்கப்பட்டன. அக்கோள்களின் அளவும் பிற இயல்புகளும் திருத்தமாகப் பெறப்பட்டு 2019-ஆம் ஆண்டில் வெளியாயின. வியாழனையொத்த கோள் சூரியனையொத்த விண்மீனைக் கடக்குங்கால் ஒளி 100-இல் ஒரு பங்கே குறையும் என்பதை எண்ணினால், இவ்வளவைக்கு வேண்டிய பொறுமை விளங்கும்.

அதே தொலைநோக்கிக்கென உருவ அசைவை ஈடுசெய்யும் கருவியொன்றை இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் அமைத்து, அதன் விவரங்களை 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு முன்னதாகக் குறுநேரப் படங்களைக் கொண்டு காவலூர்க் காற்றின் கொந்தளிப்பையும் அவர்கள் அளந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். முதலில் அளவு, பின்னர்த் திருத்தம் என்னும் முறை இங்குப் பின்பற்றப்பட்டது கருதத்தக்கது.

இக்கருவியின் அமைப்பு எளிது. விரைவுக் காமிரா ஒன்று விண்மீனின் உருவத்தை இடைவிடாது பதிவு செய்கிறது. உருவத்தின் மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கணிப்பொறி காண்கிறது. இரு திசைகளில் சாயத்தக்க சிறு ஆடி, அவ்விலகலுக்கு எதிராகச் சாய்ந்து உருவத்தை மையத்துக்கே கொண்டுவருகிறது. இங்கே ஆடி வளைவதில்லை, சாய்வது மட்டுமே. ஆயினும் உருவம் முன்னைவிடக் கூர்மையானதுடன், அதன் நடுவின் ஒளியும் மிகுந்தது.

சாய்வைத் திருத்துவது மட்டுமே இவ்வளவு பயன் தருவதற்குக் காரணம் உண்டு. அலைமுகப்பின் பிழையை வர்க்கச் சராசரியால் கணக்கிட்டால், அதில் ஏறத்தாழ 87 விழுக்காடு மொத்தச் சாய்வினால் நேர்வதாகும். எஞ்சிய 13 விழுக்காடே நுண்ணிய மேடுபள்ளங்களுக்குரியது. ஆயினும் பெரிய தொலைநோக்கியில் அந்த 13 விழுக்காடும் பல அலைநீளங்கள் அளவினதாக இருத்தல் கூடும். சாய்வுத் திருத்தம் மிகுந்த பயன் தருவது, தொலைநோக்கியின் விட்டம் ஃபிரீடு அளவைப் போல் மூன்று நான்கு மடங்காக இருக்கும்போதே. காவலூரின் 1.3 மீட்டர் ஆடிக்கு அது 13 மடங்கு எனக் கொண்டால், சாய்வுத் திருத்தம் முதற்படியே என்பதும், வளையும் ஆடியே அடுத்த படி என்பதும் தெளிவாகும்.

முதற்படியாயினும் அதனால் நிறமாலை ஆராய்ச்சிக்கு நேரான நன்மையுண்டு. கோளின் ஈர்ப்பால் விண்மீன் அசைவதை அளக்க, விண்மீனொளியைக் குறுகிய பிளவு வழியாகவோ மெல்லிய ஒளியிழை வழியாகவோ நிறமாலைமானிக்குள் செலுத்துதல் வேண்டும். வியாழனின் ஈர்ப்பால் சூரியன் அடையும் வேகம் வினாடிக்கு 12 மீட்டர் அளவே. ஒரு துளி ஒளியும் வீணாகாதிருத்தல் இங்கு இன்றியமையாதது. உருவம் ஆடாமல் நின்றால் பிளவைத் தவறும் ஒளி குறைகிறது. மறுபுறம், விண்மீன் மின்னும்போது நேரும் ஒளியளவின் ஏற்ற இறக்கத்தைச் சாயும் ஆடியால் நீக்க இயலாது என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

பெருந்தொலைநோக்கிகளில் மேம்பாடு

தகவமைப்பு ஒளியியல் கொண்டு புறக்கோளொன்றின் உருவம் முதன்முதலாகப் பெறப்பட்டது 2004-ஆம் ஆண்டில் சிலி நாட்டின் பரானல் மலையிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியில். 2008-ஆம் ஆண்டில் எச்.ஆர். 8799 என்னும் விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களின் படம் வெளியாயிற்று. நான்காவது கோள் 2010-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இவை யாவும் இளமையான, இன்னும் சூடு ஆறாத பெருங்கோள்கள். அகச்சிவப்பில் தாமே ஒளிர்வதால், விண்மீனோடு ஒப்பிட அவற்றின் ஒளி லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் இருந்து, கருவிகளுக்கு எட்டுகின்றன.

இதனினும் மங்கிய கோள்களைக் காணும் நோக்குடன் தனிக்கருவிகள் எழுந்தன. 2013-ஆம் ஆண்டில் ஜெமினி கோள் படக்கருவியும், 2014-ஆம் ஆண்டில் பரானலில் ஸ்ஃபியர் என்னும் கருவியும் முதல் ஒளி கண்டன. ஸ்ஃபியரின் ஆடியில் 1,377 உந்திகள் வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை இயங்குகின்றன. ஜெமினியின் கருவி 2015-ஆம் ஆண்டில் 51 எரிடானி என்னும் விண்மீனின் கோளைக் கண்டறிந்தது.

இக்கருவிகளின் படங்களில் ஒரு குறை புலனாயிற்று. சில இரவுகளில் விண்மீனின் இருபுறமும் பட்டாம்பூச்சியின் இறகுகளை ஒத்த ஒளிப்படலம் விரிந்து, கோள் இருக்கக்கூடிய இடத்தை மறைத்தது. அந்த இறகுகள் விரியும் திசை, மேலே ஓடும் தாரைக்காற்றின் திசையோடு ஒத்திருந்தது. அளவுக்கும் திருத்தத்துக்கும் இடையே உள்ள நொடிப்பொழுதுத் தாமதத்தில் மேற்காற்று நகர்ந்துவிடுவதே இதன் காரணம். காதங்கியின் வானில் ரேடார் அளக்கும் தாரைக்காற்றைப் போன்றதொரு காற்று, பரானலின் படத்தில் தன் கையொப்பத்தை இட்டுவிட்டது எனலாம்.

ஆகவே மேம்பாடு மூன்று வழிகளில் நடைபெறுகிறது. உந்திகளின் எண்ணிக்கையை மிகுத்தல் ஒன்று. ஹவாய்த் தீவில் ஜப்பானியரின் சுபாரு தொலைநோக்கியில் 188 உறுப்புகளுடன் இயங்கிய ஆடிக்கு மாற்றாக, 3,000-க்கும் மேற்பட்ட உந்திகளுடைய ஆடி 2024-ஆம் ஆண்டில் செயற்படலாயிற்று. உணர்கருவியின் நுட்பத்தை உயர்த்தல் மற்றொன்று. ஜெமினி கோள் படக்கருவி தென்னமெரிக்காவிலிருந்து இறக்கப்பட்டு, கூர்நுனிக் கண்ணாடிப் பட்டகத்தைக் கொண்ட புதிய உணர்கருவியும், மங்கிய ஒளியையும் விரைந்து பதியும் காமிராவும் பொருத்தி, ஹவாயிலுள்ள இணைத் தொலைநோக்கிக்கென மேம்படுத்தப்படுகிறது. மூன்றாவது, காற்று அடுத்த நொடியில் எவ்வாறிருக்கும் என்பதை முன்கணித்து ஆடியை முன்னதாகவே வளைத்தல். இம்மூன்றாவது வழிக்கு மேற்காற்றின் வேகமும் திசையும் அடிப்படைச் செய்திகளாகும்.

சோடியத்தாலான வழிகாட்டி விண்மீன்

அலைமுகப்பை அளக்க, நோக்கும் பொருளின் அருகே ஒளிமிக்க விண்மீன் ஒன்று வேண்டும். எல்லாத் திசைகளிலும் அது கிடைப்பதில்லை. எரிகற்கள் மேற்காற்றில் எரிந்து அழிவதனால் 80 முதல் 105 கிலோமீட்டர் வரையான உயரத்தில் சோடிய அணுக்களின் மெல்லிய படலம் நிலவுகிறது. 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் நிற லேசர்க் கற்றையை மேல்நோக்கிச் செலுத்தினால் அவ்வணுக்கள் ஒளிர்ந்து, வேண்டிய இடத்தில் செயற்கை விண்மீனைத் தோற்றுவிக்கின்றன.

இச்சோடியப் படலம் நிலையானதன்று. பருவத்துக்குப் பருவம், ஓரிரவுக்குள்ளேயே மணிக்கு மணி, அதன் அடர்த்தியும் உயரமும் மாறுகின்றன. காதங்கியில் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய லேசர் அளவைகளால் இவ்வட்டாரத்து வானில் அம்மாறுதல்கள் ஆராயப்பட்டன. வளிமண்டலத்தை அறிவதற்கென எடுக்கப்பட்ட அளவு, தொலைநோக்கியாளருக்கும் உரிய அளவாவது இங்கே காணத்தக்கது. எனினும் செயற்கை விண்மீனுக்கும் ஓர் எல்லை உண்டு. லேசர் மேலே செல்லும்போதும் கீழே திரும்பும்போதும் ஒரே காற்றின் வழியே வருவதால், மொத்தச் சாய்வை அது காட்டுவதில்லை. சாய்வை அறிய உண்மையான விண்மீன் ஒன்று எப்போதும் தேவை.

எல்லைகளை அறிந்து பயன்படுத்தல்

காதங்கிக்கும் காவலூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. 10 கிலோமீட்டருக்கு மேலுள்ள காற்று இவ்விரு இடங்களிலும் பெரும்பாலும் ஒத்திருக்கும் என எதிர்பார்க்கலாம். தரையை ஒட்டிய காற்றோ அவ்வாறன்று. பகலில் சூடேறிய பாறையும் மரச்செறிவும் குவிமாடத்தின் சுவரும் அவ்வவ்விடத்துக் காற்றைத் தனித்தனியே கலக்குகின்றன. பெரிய ரேடார் தரையருகே உள்ள காற்றைக் காண்பதில்லை. ஆதலின் மேற்காற்றுக்கு ரேடாரும் பலூனும், கீழ்க்காற்றுக்குத் தொலைநோக்கி நிற்கும் இடத்திலேயே எடுக்கும் அளவும் எனப் பணி பகுக்கப்படுதல் வேண்டும்.

725 மீட்டர் உயரமுள்ள காவலூர், ஹான்லேயின் 4,500 மீட்டருக்கோ பரானலின் வறண்ட மலைக்கோ ஈடாகாது. தூரத்துக் கோளின் உருவத்தை நேரே படம்பிடிக்கும் போட்டியில் அது முன்னிற்பதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் கருவிகளை அமைத்துச் சோதிக்கவும், கடப்புகளை அளக்கவும், நிறமாலை எடுக்கவும், இளம் பொறியாளர் கைப்பழக்கம் பெறவும் அருகிலுள்ள வானாய்வகமே தக்க பள்ளியாகும்.

பள்ளியில் செய்து காணத்தக்கவை

முதலாவது: தெளிந்த இரவில் தலைக்கு மேலுள்ள விண்மீன் ஒன்றையும், அடிவானத்துக்கருகே உள்ள விண்மீன் ஒன்றையும், வியாழன் தென்படின் அதனையும் மாணவர்கள் நோக்குக. மின்னுதலை மிகுதி, நடுத்தரம், இன்மை என மூன்று தரமாகக் குறிக்க. அடிவானத்து விண்மீன் மிகுதியாக மின்னுவதையும், வட்டமாகத் தோன்றும் வியாழன் பெரும்பாலும் மின்னாதிருப்பதையும் காணலாம். காற்று, மேகம், பகல் வெப்பம் ஆகியவற்றையும் அருகே எழுதி ஒரு மாதம் தொடர்ந்தால் பயனுள்ள குறிப்பேடு உருவாகும்.

இரண்டாவது: இருட்டறையில் டார்ச்சு விளக்கின் ஒளியை ஒரு மாணவன் கையிலுள்ள சிறு கண்ணாடியில் படச்செய்து, அதனை இரண்டாம் மாணவனின் கண்ணாடிக்கும், அங்கிருந்து சுவரில் வரைந்த வட்டத்துக்கும் செலுத்துக. முதல் மாணவன் தன் கண்ணாடியை மெல்ல அசைக்க, இரண்டாம் மாணவன் ஒளிப்பொட்டை வட்டத்துக்குள் நிறுத்த முயல்க. அசைவு மெதுவாக இருக்கும்வரை அவன் வெல்வான். விரைவு கூடியதும் தோற்பான். சில சமயம் அவன் திருத்தமே ஆட்டத்தை மிகுவிப்பதும் உண்டு. சாயும் ஆடியின் தத்துவமும் தாமதத்தின் தீமையும் இவ்வொரு விளையாட்டில் விளங்கிவிடும். சூரிய ஒளியை இதற்குப் பயன்படுத்துதல் ஆகாது.

மூன்றாவது: மேலே தந்த வாய்பாட்டைக் கொண்டு, ஃபிரீடு அளவு 15 சென்டிமீட்டராகவும் காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டராகவும் இருப்பின், 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வேண்டிய உந்திகளின் எண்ணிக்கையையும் திருத்தத்துக்குக் கிடைக்கும் நேரத்தையும் மாணவர்கள் கணிக்க. விடை ஏறத்தாழ 243 உந்திகளும், ஆயிரத்தில் 2.3 பங்கு வினாடியும் ஆகும்.

பிற விண்மீனின் கோளைக் காண்பதற்கு வானை மட்டும் நோக்கினால் போதாது. இடையிலுள்ள காற்றையும் அறிதல் வேண்டும். மாலையில் பலூனை விடும் பணியாளரும், ரேடாரின் எண்களைப் பதியும் பணியாளரும், ஆடியைச் சாய்க்கும் பொறியாளரும் ஒரே வேலையின் பகுதிகளையே செய்கின்றனர். அவர்தம் அளவுகள் தவறின்றி அமையுமளவுக்கே, காற்று குலைத்த ஒளியைத் தொலைநோக்கி மீட்டுத் தர இயலும்.